கிணற்றடித் தெரு மரத்தில் பெய்த பனி

சாலேம்விளையைத் தெரியுமா என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள், மீதிப் பேர் "செம்மண் தேரி மேட்டுக்கு நடுவுல கோயில் கோபுரம் மட்டும் ஒசந்து தெரியுமே, அந்த ஊரா?" என்பார்கள். அந்த ஊரேதான். மழை வருஷத்துக்கு ரெண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்த சுவடு தெரியாமல் போய்விடுகிற ஊர், மார்கழி மாதத்திலும் மத்தியானம் வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்கால் வெந்துபோகிற ஊர், அந்த ஊரில், கோயில் மரப் பண்டிகைக்கு முற்றம் நிறைய மரங்கள் நிற்க, கிணற்றடித் தெருக்காரர்கள் வைத்த மரத்தில் மட்டும் பனி பெய்தது.

மரப் பண்டிகை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. கிறிஸ்துமஸ் வருகிற வாரத்தில் ஒவ்வொரு தெருக்காரர்களும் சவுக்குத் தோப்புக்குப் போய் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கிளையை வெட்டிக்கொண்டு வந்து, கோயில் முற்றத்தில் மண் நிரப்பிய தகர டிரம்மில் நட்டு, டிரம்முக்கு வண்ணக் காகிதம் சுற்றி, ஜிகினா, பலூன், நூலில் கட்டிய மிட்டாய், சீரியல் செட் விளக்கு என்று கைக்கு வந்ததையெல்லாம் தொங்கவிட்டு, கடைசியில் மருந்துக்கடைப் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துக் கிளைகளில் ஒட்டுவார்கள். பஞ்சுதான் பனி. அந்தப் பனியை ஊரில் ஒருத்தரும் கண்ணால் கண்டதில்லை, ஆனால் பஞ்சு ஒட்டாத மரத்தைக் கிறிஸ்துமஸ் மரம் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஊர் முழுக்கக் குளித்துப் புதுத்துணி உடுத்திக்கொண்டு மரம் பார்க்க வரும், ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று "நல்லாத்தான் இருக்கு" என்று வாயால் சொல்லி, "போன வருசத்து ஜிகினாவ அப்படியே சுத்தியிருக்காளுவ" என்று மனசுக்குள் சொல்லி, அடுத்த மரத்துக்கு நகரும். சிறந்த மரத்துக்கு ஒரு எவர்சில்வர் அண்டா பரிசு. அந்த அண்டாவினால் பேச்சுவார்த்தை அற்றுப்போன அண்ணன் தம்பிகள் ஊரில் உண்டு.

இந்த வருஷம் மரத்துக்குப் பஞ்சு ஒட்ட வரவே மாட்டேன் என்று இருந்தவள் ரூபவதி. கிணற்றடித் தெரு முனையில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள், புருஷன் போய்ச் சேர்ந்தபிறகு ஒற்றை ஆளாக நின்று கிங்ஸ்லின் என்ற ஒரே மகனை ஆளாக்கினவள், அந்த மகன் ஒரு ஏஜென்ட் பேச்சைக் கேட்டுக்கொண்டு பெயர் வாயில் நுழையாத ஒரு குளிர்நாட்டுக்குப் போய், அங்கிருந்து இன்னொரு நாட்டுக்குக் காட்டு வழியாக நடந்து போகப்போகிறேன் என்று போனில் சொன்ன நாளிலிருந்து ஒரு வாய் சோறு ஒழுங்காக இறங்காமல் கிடக்கிறவள். "யம்மா, அந்தப் பக்கம் போய்ட்டா வேல ரெடியா இருக்கு. இங்க பனி என்னமா கொட்டுது தெரியுமா, நீ பாக்கணுமே" என்று சிரித்தான் அவன். "வேலையும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், வீட்டுக்கு வந்துருல" என்று அழுதாள் இவள். அதுதான் கடைசி. அதற்குப்பிறகு அவன் போனும் அடிக்கவில்லை, ஏஜென்டும் போனை எடுக்கவில்லை, மாவரைக்கும் நேரத்திலும் போனை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

"ஏட்டி, சும்மா உக்காந்து நெனச்சு நெனச்சு செத்துப் போவப்போறியா? வா, வந்து நாலு பஞ்சாவது ஒட்டு" என்று அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தவள் பக்கத்து வீட்டு ஞானப்பூ. ஞானப்பூவுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு வாயைவிட நீளம். ரூபவதி வந்தாள், கிளையைப் பிடித்துக்கொண்டாள், பஞ்சை ஒட்டினாள், ஒட்டும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, ஞானப்பூ பார்க்காத மாதிரி பலூன் ஊதினாள்.

மறுநாள் காலையில் முற்றம் பெருக்க வந்தவர்கள், கிணற்றடித் தெரு மரத்தடியில் பஞ்சு உதிர்ந்து கிடக்கிறது என்று விளக்குமாற்றால் தள்ளிப் பார்த்தார்கள், தள்ளத் தள்ள இன்னும் உதிர்ந்தது, அண்ணாந்து பார்த்தால் மரத்துக்கு மேலே ஒன்றும் இல்லாத வெறும் வானத்திலிருந்து வெள்ளை வெள்ளையாகச் சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. ஞானப்பூ விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பில்ல, சீனியில்ல" என்றாள். "ஐசு. நம்ம மரத்துக்குப் பனி பெய்யுதுடி."

செய்தி ஊருக்குள் போனது, ஊர் வந்து பார்த்தது, வாயைப் பொத்திக்கொண்டு நின்றது, அப்புறம் காப்பி குடிக்க வீட்டுக்குப் போனது. பண்டிகைக் கமிட்டிச் செயலர் பொன்னுத்துரை மட்டும் போகவில்லை. மேலத் தெருக்காரர், போன வருஷம் அண்டாவை வென்ற மரம் அவர் தெரு மரம். "துறைமுகத்துல மீனுக்குப் போடுத ஐசக் கொண்டாந்து கொட்டியிருக்காளுவ" என்று டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தார், கிளையை உலுக்கினார், நிமிர்ந்து பார்த்து மூக்கின் மேல் ஒன்று விழுந்ததும் அதைத் துடைத்துக்கொண்டு, "எதுவா இருந்தாலும் போட்டி விதிப்படி பஞ்சுதான் செல்லும்" என்று சொல்லிவிட்டார். குருவானவர், ஊரில் எல்லாரும் ஐயர் என்று கூப்பிடுகிறவர், வேதத்தில் பனி வருகிற இடங்களையெல்லாம் தேடி எடுத்து வைத்தார், ஆனால் எதை வைத்துப் பிரசங்கம் பண்ணுவது என்று அவருக்கு விளங்கவில்லை, கடைசியில் "கர்த்தருடைய கிரியை" என்று பொதுவாகச் சொல்லி முடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஊர் பனியைப் பழகிக்கொண்டது. பிள்ளைகள் தம்ளரில் அள்ளி நன்னாரி சர்பத்தை ஊற்றித் தின்று தொண்டை கட்டிக்கொண்டார்கள். மீன்காரி வஞ்சிரத்தை அதில் புதைத்து வைத்து, சாயங்காலமும் காலையில் பிடித்த மீன் மாதிரியே விற்றாள். பம்பாயிலிருந்து பண்டிகைக்கு வந்த சம்பந்தக்காரர்கள் ஸ்வெட்டரும் மஃப்ளருமாகப் பனிக்குள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரு அடி வெளியே வந்து வியர்த்துக் கொட்ட அவிழ்த்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள், வந்தவர்களில் அநேகம் பேர், "என்ன இருந்தாலும் பஞ்சு மாதிரி வராது, இது காலெல்லாம் சேறாக்குது" என்று குறை சொல்லிப் போனார்கள். பனி பரவிப் பரவிக் கல்யாணப் பந்தல் அளவுக்கு அகலமாகி மேலத் தெரு மரத்தின் டிரம்மைத் தொட்டபோது பெரிய சண்டையே வந்துவிட்டது. "ஒங்க பனிய ஒங்க எல்லைக்குள்ள வச்சுக்கிடுங்க" என்று அவர்கள் கத்த, "வானத்துல போய்க் கேளுங்க" என்று ஞானப்பூ பதிலுக்குக் கத்த, பொன்னுத்துரை செங்கலை அடுக்கி வரப்புக் கட்டினார். பனி வரப்பைத் தாண்டிப் போனது.

இத்தனை கூத்திலும் ரூபவதி ஒருத்திதான் பனியைத் தொடவில்லை. மாவுக் கடையைச் சாத்திவிட்டு வந்து, பனிக்கு வெளியே செம்மண்ணில் உட்கார்ந்து, அது விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எங்கே பெய்யவேண்டிய பனி என்று அவளுக்குத் தெரியும். யாரிடம் சொல்வது? சொன்னால் பைத்தியம் என்பார்கள், அப்படிச் சொன்னாலும் பரவாயில்லை, ஒருவேளை ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அந்த ஆமாமுக்குத்தான் அவள் பயந்தாள்.

மரப் பண்டிகை அன்று பொழுது சாய்ந்தது. சீரியல் செட்டுகள் எரிய, பாடகர் குழு தொண்டையைச் சரிசெய்ய, புதுத்துணி மொடமொடக்க ஊர் முழுக்க முற்றத்தில் கூடி மரம் மரமாகப் பார்த்துக்கொண்டு வந்தது. கிணற்றடித் தெரு மரத்துக்கு வந்ததும் பொன்னுத்துரை சத்தம் போட்டார்.

"எவம்ல செருப்புக் காலோட பனிக்குள்ள எறங்குனது? நடுவர்மாரு இன்னும் பாக்கவேயில்ல!"

பனிக்குள் மேற்கு ஓரத்திலிருந்து ஒரு தடம் வந்திருந்தது. அவர் சத்தம் போட்டு முடிக்கவில்லை, எல்லார் கண்ணுக்கும் முன்னால், ஆள் யாரும் இல்லாத வெள்ளையில், நறுக்கென்று இன்னொரு தடம் பதிந்தது. அப்புறம் இன்னொன்று. கனத்த பூட்ஸ் தடம், கணுக்கால் ஆழத்துக்கு இறங்கி, நிதானமாக, நேராகக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

சாலேம்விளைக்காரர்கள் மணலில் பிறந்து மணலில் நடக்கிறவர்கள். காலையில் தேரியில் கிடக்கிற தடத்தைப் பார்த்து இன்னார் தோட்டத்துக்குப் போயிருக்கிறார், இன்னார் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிடுவார்கள், பூட்ஸ் போட்டாலும் நடை மாறுமா? வலது கால் நேராகப் போக, இடது கால் வெளியே திரும்பிக் குதிகாலை இழுத்துக்கொண்டு போனது. சின்னதில் பனைமட்டை வண்டியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்ட பிள்ளை ஊரில் ஒருத்தன்தான். யாரென்று எல்லாருக்கும் தெரிந்தது. ஞானப்பூ ரூபவதியைத் திரும்பிப் பார்த்தாள்.

ரூபவதி எழுந்து பனிக்குள் போனாள். கடைசியாகப் பதிந்த தடத்தின் பக்கத்தில் மண்டி போட்டு உள்ளங்கையை அதற்குள் வைத்தாள். குளிருக்கு அடியில் லேசாகச் சூடு இருந்தது.

"எம்புள்ள" என்றாள். "உசுரோட நடக்கான்."

அப்போது அந்த ஊர் ஒரு காரியம் செய்தது, வேறு எந்த ஊரும் அப்படிச் செய்யாது. ஆடிக் காற்றில் தேரி மணல் கிளம்பிப் பாதையெல்லாம் மூடிக்கொள்ளும்போது, வெளியே போனவர்கள் திசை தெரியாமல் செத்துப் போகாமலிருக்க, கோயில் மணியை விடாமல் அடித்து, ஊர் கூடி நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவது அங்கே பழக்கம். அப்படிக் கூப்பிட்டே எத்தனையோ பேரை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். யாரும் யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அண்டாவுக்குச் சண்டை போட்ட பொன்னுத்துரை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஓடிப்போய் மணிக்கயிற்றைப் பிடித்தார். இருக்கிற விளக்கையெல்லாம் போட்டார்கள். கிழக்கே நின்றவர்கள், மேற்கே நின்றவர்கள், மேலத் தெரு, கிணற்றடித் தெரு எல்லாரும் ஒரே குரலாக, "கிங்ஸ்லின்! ஏல கிங்ஸ்லின்! இங்க வாடே!" என்று கத்தினார்கள், பிள்ளைகள் கத்தின, ஐயர் அங்கியோடு நின்று கத்தினார், ரூபவதி மார்பில் அடித்துக்கொண்டு, "வந்துரு ராசா, அம்மை இங்கதான் இருக்கேன், வந்துரு" என்று கத்தினாள்.

தடம் நின்றது. தடம் திரும்பியது, கிழக்கை விட்டுவிட்டு மரத்தைப் பார்த்து வந்தது, ரூபவதிக்கு எட்டுகிற தூரம் வரைக்கும் வந்தது, ஊர் சந்தோஷத்தில் கூச்சல் போட்டது, அவள் இரண்டு கையையும் நீட்டினாள். கையில் ஒன்றும் அகப்படவில்லை. தடம் அவளைத் தாண்டிப் போய், மணிச் சத்தம் வருகிற பக்கம் திரும்பி, அப்புறம் ஆட்கள் கத்துகிற பக்கம் திரும்பி, மரத்தைச் சுற்றி வந்து, தன் பழைய தடத்தின் மேலேயே மறுபடி மிதித்துக்கொண்டு போனது. இன்னும் பலமாகக் கத்தினார்கள். இன்னும் வேகமாக மணி அடித்தது. சுற்றிச் சுற்றி மரத்தடியில் வட்டமாக ஒரு பள்ளமே விழுந்துவிட்டது, இடது காலின் இழுப்பு நீண்டுகொண்டே போனது, கடைசியில் தடம் தள்ளாடி, பனியில் ஒரு ஆள் உட்கார்ந்த குழி விழுந்தது.

குழி விழுந்ததைப் பார்த்ததும் பெண்கள் அலறினார்கள். குழி மெல்லச் சரிந்து, படுத்த ஆளின் நீளத்துக்கு நீண்டது. மேலே பனி விழுந்து மூட ஆரம்பித்தது.

"எந்திரில!" என்றாள் ரூபவதி. அழுகைக் குரல் இல்லை, பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிற குரல். "மூதேவி, தூங்குத எடமால இது? எந்திரிக்கியா, தண்ணிய மூஞ்சில ஊத்தட்டா? எந்திரில!"

குழி அசைந்தது. ஒரு கை ஊன்றின பள்ளம், ஒரு முட்டி ஊன்றின பள்ளம், அப்புறம் இரண்டு பூட்ஸ். எழுந்த தடம் அவள் குரலைத் தேடிக்கொண்டு வந்தது, வந்து, மறுபடி மரத்தைச் சுற்றத் தொடங்கியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கிழக்கே நேராகப் போய்க்கொண்டிருந்த பிள்ளை. மணி அடிக்கிறவரைக்கும், பேர் சொல்லிக் கூப்பிடுகிறவரைக்கும், அவன் எங்கே போகவேண்டுமோ அங்கே நேராகப் போய்க்கொண்டிருந்தான். கூப்பிட்ட பிறகுதான் சுற்றுகிறான். எங்கோ ஒரு காட்டில், ஒரு வீடும் இல்லாத இடத்தில், காதில் ஊர் மணி கேட்கிறது, அம்மா குரல் கேட்கிறது, இதோ வந்துவிட்டோம் என்று திரும்பித் திரும்பி நடக்கிறான்.

"மணிய நிறுத்துங்க" என்றாள். ஒருத்தர் காதிலும் விழவில்லை. கோபுரத்தடிக்கு ஓடிப்போய்ப் பொன்னுத்துரையின் கையோடு சேர்த்துக் கயிற்றைப் பிடித்தாள்.

"நிறுத்துங்க அண்ணாச்சி!"

"என்ன பிள்ள சொல்லுத? நிறுத்துனா வழி தெரியாமப் போயிருவானே!" கயிறு உரசி அவர் கையில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"அவன் வழி நமக்குத் தெரியுமா? அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, நாமதான் கெடுத்துட்டோம். இங்க வரணும்னா கடலத் தாண்டணும், இந்தக் காலு இங்க வந்து சேராது அண்ணாச்சி. நாம கூப்பிடக் கூப்பிட அவன் அங்கனயே சுத்திச் செத்துப் போவான்."

பொன்னுத்துரை கயிற்றை விட்டார். விட்ட பிறகும் மணி தன் கனத்தில் ரெண்டு தடவை ஆடிவிட்டு அடங்கியது. "விளக்க அணைங்க" என்று அவரே போய்ச் சொன்னார், சீரியல் செட்டுகள் ஒவ்வொன்றாக அணைந்தன, கோபுரத்து நட்சத்திரமும் அணைந்தது, ஐயர் எல்லாரையும் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். முற்றத்தில் அத்தனை சனம் நிற்க, குழந்தைகள் வாயைத் தாய்மார் பொத்திக்கொண்டார்கள். பனிக்கு மட்டும் ஒரு வெளிச்சம் இருந்தது.

ரூபவதி பனிக்குள் போய் நின்றாள். கடைசியாக ஒன்று சொல்லியாகவேண்டும் என்று நினைத்தாள். "போயிருல, மக்கா" என்றாள் மெதுவாக. "இங்க வராத. நான் நல்லாருக்கேன், மாவு நல்லாப் போவுது, முட்டி வலிகூட இல்ல. நீ நேராப் போ."

தடம் அவளைப் பார்த்து ஒரு எட்டு வைத்தது.

"போன்னு சொல்லுதேன்லா!"

இன்னும் ஒரு எட்டு. போ என்று சொன்னாலும் அது அம்மாவின் குரல்தானே, குரல் எங்கேயோ அங்கே வருகிறான். ரூபவதிக்கு அது விளங்கியது. எத்தனையோ நாளாக அவன் சத்தத்துக்கு ஏங்கி மடியில் போனைக் கட்டிக்கொண்டு திரிந்தவள், இன்றைக்கு அவன் கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கிறான், இனி ஒரு வார்த்தை பேசினால் அவனைக் கொன்றுவிடுவாள். முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டாள்.

இரண்டு பூட்ஸ் தடமும் அவளுக்கு நேராக நின்றன. அவன் கேட்டுக்கொண்டு நிற்கிறான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. இன்னொரு தடவை கூப்பிடமாட்டாளா என்று நிற்கிறான். பனி விழுந்து தடத்தின் ஓரங்கள் மழுங்கின. ஞானப்பூ பின்னாலிருந்து வந்து ரூபவதியின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்தில் ஒரு கைக்குழந்தை சிணுங்க, அதன் தாய் அதை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு தேரியைப் பார்த்து ஓடினாள்.

வலது தடம் திரும்பியது. இடது தடம் இழுத்துக்கொண்டு திரும்பியது. கிழக்கே ஒன்று பதிந்தது, அப்புறம் ஒன்று, நடுவில் ஒரு முறை நின்றது, ரூபவதி மூச்சையும் அடக்கிக்கொண்டாள், மறுபடி நடந்தது. பனியின் ஓரத்துக்குப் போய், அதற்கு அப்பால் கிடந்த செம்மண்ணில் ஒன்றும் பதியாமல், போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் பனி விழுவதும் நின்றது.

ஐயர் கிட்டே வந்து, ஒரு ஜெபம் செய்யலாமா என்று கண்ணாலேயே கேட்டார். ரூபவதி கையை ஆட்டி வேண்டாம் என்றாள். பாடகர் குழு பாட்டுத் தாளை மடித்து வைத்துக்கொண்டது. சனங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், வீடுகளில் கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்தினார்கள், வேட்டு வாங்கி வைத்திருந்தவர்கள் அதைப் பரணில் போட்டார்கள். கிறிஸ்துமஸ் விடியற்கால ஆராதனைக்கு மணி அடிக்காமலே எல்லாரும் தாங்களாக எழுந்து வந்து, நின்று, உட்கார்ந்து, முழங்காலில் இருந்து, ஒரு பாட்டும் பாடாமல், உதட்டை மட்டும் அசைத்துவிட்டு எழுந்தார்கள்.

வெளியே வரும்போது வெயில் ஏறியிருந்தது. பனி உருகின ஈரச் செம்மண்ணில் ரூபவதி கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். பொன்னுத்துரை கயிறு உரசின கையில் துணிக்கட்டோடு மெல்ல வந்து பக்கத்தில் குனிந்தார்.

"பிள்ள, விடிஞ்சிட்டு" என்றார் ரகசியமாக. "பண்டிகையாச்சே. இப்போ மணிய ஒரு தடவ அடிக்கட்டா?"

ரூபவதி வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்:

"பொறுங்க அண்ணாச்சி. அவனுக்குக் கால் சரியில்லலா, இன்னும் ரொம்பத் தூரம் போயிருக்க மாட்டான்."